கனடாவோட வடகோடியில டீச்சர் வேலை: எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

நான் மேத்ஸ், சயின்ஸ் டீச்சர். சொந்த ஊர் திருநெல்வேலி பக்கம், ஒன்டாரியோல பி.எட் முடிச்சு லைசென்ஸ் வாங்கி கொஞ்ச நாள் சப்ளை டீச்சரா சுத்திட்டு, அப்புறம் கனடாவோட வடக்குப் பிரதேசமான நுனாவுட்ல பாண்ட் இன்லெட்ங்கிற ஊர்ல ஹைஸ்கூல் பசங்களுக்கு சில வருஷம் பாடம் எடுத்தேன். அங்க போகலாமான்னு யோசிக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் ஃபோன் பண்ணி கேக்குறாங்க, முக்காவாசி ஒரே கேள்விங்கதான், அதான் பதிலை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உக்காந்தேன். அந்த மண்ணோட பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் சார்பா பேச எனக்கு உரிமை கிடையாது. வெளியூர்ல இருந்து போய் அவங்க நடுவுல இருந்த ஒரு டீச்சரா நான் பாத்ததை மட்டும் சொல்றேன்.

பாண்ட் இன்லெட் எங்க இருக்கு, எப்படி போறது?

பாஃபின் தீவோட வட முனையில. இனுயிட் மக்கள் அதை மிட்டிமாட்டலிக்னு சொல்லுவாங்க. ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி இன்னும் ரொம்ப மேல, கிட்டத்தட்ட 72.7 டிகிரி வடக்கு. ஊர்ல 1,500 பேர் சொச்சம் இருக்காங்க. நுனாவுட் முழுக்க 25 ஊர்தான், மொத்த ஜனத்தொகை 2021 கணக்கெடுப்புல சுமார் 37,000, ஆனா பரப்பளவு கனடாவுல அஞ்சுல ஒரு பங்கு. ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு ரோடு கிடையாது, தெற்குல இருந்தும் ரோடு கிடையாது, அதனால எல்லாத்துக்கும் ஃப்ளைட்தான். ஒட்டாவாவுல இருந்து தலைநகர் இக்காலுயிட் சுமார் மூணு மணி நேரம், அங்க இறங்கி சின்ன ப்ரொப்பெல்லர் ஃப்ளைட்ல இன்னும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல போகணும். பனிப்புயல் வந்தா இக்காலுயிட்லயே ரெண்டு மூணு நாள் மாட்டிக்குவீங்க, அது அங்க சகஜம், கைப்பையில மாத்து துணியும் மருந்தும் வச்சுக்கங்க. டைம் டொரன்டோ டைம்தான், வீட்டுக்கு ஃபோன் பண்றதுல குழப்பம் இல்ல.

குளிர் தாங்க முடியுமா?

முடியும். முதல் கேள்வியா எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க, பழகிக்க வேண்டிய விஷயங்கள்ல ஈஸியானதே இதுதான். ஜனவரி பிப்ரவரில மைனஸ் 30, மைனஸ் 40 சாதாரணம், காத்து சேர்ந்தா மைனஸ் 50 மாதிரி உடம்புல படும். ஆனா வீடும் ஸ்கூலும் நல்லா சூடா இருக்கும், நடந்து போற தூரம் பத்து நிமிஷம். டொரன்டோல ஆயிரக்கணக்குல காசு குடுத்து ஜாக்கெட் வாங்கிட்டு போகாதீங்க, ஓரளவு நல்லதா ஒண்ணு வாங்கிட்டு போய் அப்புறம் ஊர்லயே தைக்கிற அம்மாக்கள் யார்கிட்டயாவது பார்கா சொல்லி வைங்க. முகத்தை சுத்தி நிஜ ரோமம் வச்சு தைப்பாங்க, மூச்சுக்காத்து அதுல உறைஞ்சாலும் தட்டினா உதிர்ந்துடும். சீல்ங்கிற கடல் விலங்கோட தோல்ல தைக்கிற காமிக்ங்கிற பூட்ஸும் அப்படித்தான், அவ்ளோ லேசா அவ்ளோ சூடா ஒரு செருப்பை நான் எங்கயும் போட்டதில்ல. அந்த தையல் தலைமுறை தலைமுறையா வந்த அறிவு, பேரம் பேசாம கேட்ட காசை குடுங்க.

சூரியனே வராதாமே?

ஆமா. நவம்பர் நடுவுல ஒரு நாள் மறைஞ்சா ஜனவரி கடைசி வாக்குலதான் மறுபடி தலை காட்டும். அதுக்காக இருபத்திநாலு மணி நேரமும் கும்மிருட்டுன்னு நினைச்சுக்காதீங்க. மத்தியானம் ஒரு ரெண்டு மணி நேரம் நீல வெளிச்சம் வரும், தெற்கு பக்கம் வானம் லேசா சிவக்கும், எதிர்ல பைலாட் தீவு மலைங்க மங்கலா தெரியும். நிலா இருக்கிற நாள்ல அது மறையாம வானத்தையே சுத்தி சுத்தி வரும், பனியில வெளிச்சம் பட்டு ஸ்கூலுக்கு டார்ச் இல்லாமலே நடந்து போலாம்.

உடம்புக்கு கஷ்டம்தான், அதை மறைக்க விரும்பல. காலைல எழுந்திரிக்க முடியாது, சாயங்காலம் நாலு மணிக்கே தூக்கம் சொக்கும், அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு. எனக்கு உதவினது மூணு விஷயம்: விட்டமின் டி, காலைல அரை மணி நேரம் ஒரு பிரைட் லைட் முன்னாடி உக்காந்து காபி குடிக்கிறது, அப்புறம் மத்தியானம் அந்த நீல வெளிச்சத்துல எவ்ளோ குளிரா இருந்தாலும் வெளிய நடந்துட்டு வர்றது. ஊர்க்காரங்க அந்த நேரத்துல வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்க மாட்டாங்க, கிறிஸ்துமஸ்ல இருந்து நியூ இயர் வரைக்கும் தினமும் ராத்திரி கம்யூனிட்டி ஹால்ல விளையாட்டு, அக்கார்டியன் வாசிச்சு ஸ்கொயர் டான்ஸ் (அந்தக் காலத்துல திமிங்கலம் பிடிக்க வந்த ஸ்காட்லாந்துக்காரங்க விட்டுட்டு போனது), பாட்டியில இருந்து கைக்குழந்தை வரை எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. போங்க, கூப்பிடட்டும்னு காத்திருக்காதீங்க. அங்க யாரும் தனியா கூப்பிட மாட்டாங்க, ஏன்னா எல்லாரும் வரலாம்ங்கிறது எல்லாருக்கும் தெரியும்.

இந்த இருட்டைப் பத்தி ஒரு சரித்திரம் தெரிஞ்சுக்கிட்டு போங்க. 1953-ல கனடா அரசாங்கம் கியூபெக் வடக்குல இனுக்ஜுவாக்ங்கிற ஊர்ல இருந்து இனுயிட் குடும்பங்களை கப்பல்ல ஏத்தி, சுமார் ரெண்டாயிரம் கிலோமீட்டர் வடக்குல கிரிஸ் ஃபியர்டுலயும் ரெஸல்யூட்லயும் கொண்டு போய் இறக்குச்சு. அவங்க ஊர்ல குளிர் காலத்துலயும் சூரியன் வரும், மாசக்கணக்குல இருட்டை அவங்க பாத்ததே இல்ல. அதனால அவங்களுக்கு கத்துக்குடுக்கன்னு பாண்ட் இன்லெட்ல இருந்தும் சில குடும்பங்களை கூடவே அனுப்பினாங்க. 1955-ல இன்னும் சில குடும்பங்கள். 2010-லதான் அரசாங்கம் மன்னிப்பு கேட்டுச்சு. அதே இனுயிட் மக்களுக்கே இன்னொரு இடத்து இருட்டை அந்த இடத்துக்காரங்க சொல்லித்தர வேண்டியிருந்துச்சுன்னா, நாம போய் புஸ்தகத்துல படிச்சு சமாளிச்சுடலாம்னு நினைக்கவே கூடாது. பக்கத்து வீட்ல கேளுங்க.

அப்போ கோடையில?

மே முதல் வாரத்துல இருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை சூரியன் மறையவே மறையாது. ஜன்னலுக்கு அலுமினியம் ஃபாயில் ஒட்டிட்டு தூங்குங்க. ராத்திரி ஒரு மணிக்கு சின்னப் பசங்க தெருவுல பந்து விளையாடுவாங்க, அதை ஒழுங்கில்லாத வளர்ப்புன்னு யாராச்சும் வெளியூர் ஸ்டாஃப் சொன்னா காதுல போட்டுக்காதீங்க. ஒன்பது மாசம் குளிருக்கு அப்புறம் வர்ற வெளிச்சம், அதை வீணடிக்க அங்க யாருக்கும் மனசு வராது.

வீடு எப்படி?

வேலையோட சேர்த்து ஸ்டாஃப் ஹவுசிங் வாடகைக்கு குடுப்பாங்க. தரைக்கு கீழ பர்மாஃப்ராஸ்ட், அதாவது வருஷம் பூரா உறைஞ்சே கிடக்கிற மண்ணு, அதனால வீடுங்க எல்லாம் கால் மேல நிக்கும். தண்ணி பைப்ல வராது, லாரியில வந்து வீட்டு டாங்க்ல நிரப்புவாங்க, கழிவுத் தண்ணியை இன்னொரு லாரி வந்து உறிஞ்சிட்டு போகும். புயல் ரெண்டு நாள் விடாம அடிச்சா லாரி வராது, தண்ணி தீந்துடும். நம்ம ஊர்ல தண்ணி லாரிக்கு குடம் வச்சு நின்னவங்களுக்கு இது புதுசா இருக்காது, தண்ணியை பாத்து செலவு பண்ற பழக்கம் நமக்கு ஏற்கனவே இருக்கு. கரண்ட் டீசல் ஜெனரேட்டர்ல, அந்த டீசல் கோடையில கப்பல்ல வருது.

ஒரு விஷயம் மனசுல வச்சுக்கங்க. நுனாவுட்ல வீட்டுப் பற்றாக்குறை ரொம்ப மோசம். உங்க கிளாஸ்ல இருக்கிற பையன் மூணு பெட்ரூம் வீட்ல பத்து பேரோட இருப்பான், முறை வச்சு தூங்குற வீடுகூட உண்டு, நீங்க ஒத்த ஆளா ஒரு முழு வீட்ல இருப்பீங்க. ஹோம்வொர்க் ஏன் பண்ணலைன்னு கேக்குறதுக்கு முன்னாடி இதை யோசிங்க. நான் ஹோம்வொர்க் குடுக்கிறதையே நிறுத்திட்டு சாயங்காலம் கிளாஸ்ரூமை தொறந்து வச்சேன், டீயும் பிஸ்கட்டும் வச்சா பசங்க தானா வந்து உக்காந்து முடிச்சுட்டு போனாங்க.

சாப்பாட்டுக்கு என்ன பண்றது? சைவம் சாப்பிடுறவங்க சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம், ஆனா ப்ளான் பண்ணனும். ஊர்ல நார்தர்ன் ஸ்டோர், கோ-ஆப்னு ரெண்டு கடை இருக்கு. காய்கறி பால் எல்லாம் ஃப்ளைட்ல வருது, மானியம் இருந்தும் டொரன்டோ விலை மாதிரி ரெண்டு மூணு மடங்குன்னு வச்சுக்கங்க, புயல் வாரத்துல அலமாரி காலியா கிடக்கும். உள்ளூர்க்காரங்க, டீச்சருங்க எல்லாரும் நம்பி இருக்கிறது ஸீலிஃப்ட், கோடையில மட்டும் பனி உருகினப்புறம் மான்ட்ரியால் பக்கத்துல இருந்து கிளம்பி வர்ற சரக்கு கப்பல். அரிசி, துவரம்பருப்பு, உளுந்து, எண்ணெய், கடலைமாவு, புளி, மசாலா, தேங்காப்பால் பவுடர், வருஷத்துக்கு தேவையானதை மரப்பெட்டியில கட்டி அனுப்பிடணும். வேலை உறுதியானதும் ஜூன்லயே ஆர்டர் போட்டுடுங்க, ஆகஸ்ட்ல போய் இறங்கினப்புறம் யோசிச்சா அந்த வருஷம் போச்சு. உறைஞ்சு கெடக்கூடிய சரக்கு எது, கெடாதது எதுன்னு பிரிச்சு பெட்டி மேல எழுதுங்க. கருவேப்பிலையை காய வச்சு எடுத்துட்டு போங்க, வாசம் பாதி போயிடும், இருந்தாலும் தாளிக்கிறப்போ அது இல்லாம இருக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். வீடு எப்பவும் சூடா இருக்கிறதால தோசை மாவு நல்லாவே பொங்குது.

அசைவம் சாப்பிடுவீங்கன்னா உங்களுக்கு அதிர்ஷ்டம். ஆர்க்டிக் சார்னு ஒரு மீன், சால்மன் ஜாதி, ஆனா அதைவிட மென்மையா இருக்கும். அதுல புளி ஊத்தி எங்க ஊர் மீன் குழம்பு வச்சு பக்கத்து வீட்டு தாத்தாவுக்கு குடுத்தேன், காரம் கொஞ்சம் கம்மி பண்ணித்தான், அடுத்த வாரம் வாசல்ல ஒரு முழு மீன் வந்து கிடந்துச்சு. கரிபூங்கிற காட்டு மான் கறி, சீல் கறி எல்லாம் வேட்டையாடிட்டு வர்றவங்க பங்கு போட்டு குடுப்பாங்க. சீல் கறி கருஞ்சிவப்பா, ஈரல் மாதிரி ருசியா இருக்கும். நார்வால் திமிங்கலத்தோட தோலும் கொழுப்பும் சேர்ந்த மக்தாக்கை பச்சையாவே சின்ன சின்னதா வெட்டி சோயா சாஸ் தொட்டு சாப்பிடுவாங்க. அதுல விட்டமின் சி நிறைய இருக்கு, காய் பழம் விளையாத நிலத்துல அந்த மக்கள் பல நூறு வருஷம் ஆரோக்கியமா இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். குடுத்தா மரியாதையா வாங்கி ஒரு துண்டாவது வாயில போடுங்க, சைவம்னா சிரிச்ச முகமா சொல்லிடுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. மூஞ்சி சுளிக்கிறது மட்டும் வேணவே வேணாம், சீல் வேட்டையை எதிர்த்து வெளிநாட்ல நடந்த பிரச்சாரத்தால அந்த மக்களோட வருமானமே போயிருக்கு, அந்த வலி அங்க இன்னும் இருக்கு.

இன்னொண்ணு, டீக்கு தண்ணி. குளிர் காலத்துல ஊருக்கு எதிர்ல கடல் உறையுறப்போ ஐஸ்பெர்க்கும் அதுலயே சிக்கி நிக்கும், ஸ்கிடூ (பனியில ஓடுற பைக் மாதிரி வண்டி) எடுத்துட்டு போய் அதுல இருந்து ஐஸ் வெட்டிட்டு வந்து உருக்கி டீ போடுவாங்க. அதுல போட்ட டீயோட ருசியே தனி.

பசங்க கிளாஸ்ல பேசவே மாட்டாங்களாமே?

பேசுவாங்க. நீங்க பாக்க தெரிஞ்சுக்கணும். முதல்ல, புருவத்தை தூக்கினா ஆமான்னு அர்த்தம், மூக்கை சுருக்கினா இல்லன்னு அர்த்தம். நீங்க போர்டு பக்கம் திரும்பி நின்னு கேள்வி கேட்டுட்டு யாருமே பதில் சொல்லலைன்னு நினைச்சுட்டு இருப்பீங்க, பின்னாடி இருபது பேரும் புருவத்தால பதில் சொல்லி முடிச்சிருப்பாங்க.

அடுத்தது, பத்து பேர் முன்னாடி ஒருத்தனை எழுப்பி நிக்க வச்சு கேள்வி கேக்குறது. நாம படிச்சதே அப்படித்தான், எங்க வாத்தியாருங்க எல்லாம் எழுப்பி விட்டுதான் கேப்பாங்க. அங்க அது வேலைக்கு ஆகாது. தெரியாததை தெரிஞ்ச மாதிரி சொல்றது அங்க பெரிய தப்பா பாக்கப்படுது, கடல் பனி மேல தப்பா ஒரு அடி வச்சா உயிர் போற இடத்துல அது நியாயம்தான. ஒரு வேலையை ரொம்ப நேரம் சும்மா பாத்துக்கிட்டே இருப்பாங்க, அப்புறம் தனியா செஞ்சு பாப்பாங்க, சரியா வந்துச்சுன்னு அவங்களுக்கே தோணினப்புறம்தான் மத்தவங்க முன்னாடி செய்வாங்க. பாத்து, செஞ்சு, திரும்ப திரும்ப செஞ்சு தேர்ச்சி ஆகுற இந்த வழிக்கு பிலிம்மக்சார்நிக்னு பேரு, நுனாவுட்டோட 2008 கல்விச் சட்டமே இந்த மாதிரி இனுயிட் கொள்கைகள் மேலதான் நிக்குது, அது சும்மா சுவர்ல ஒட்டின போஸ்டர் கிடையாது.

அதனால நான் பாடம் எடுக்கிற விதமே மாறுச்சு. கேள்வி கேட்டுட்டு காத்திருப்பேன், டொரன்டோல அஞ்சு செகண்ட் அமைதி இருந்தாலே யாராவது ஏதாவது சொல்லிடுவாங்க, இங்க அதைவிட ரொம்ப நேரம் ஆகும், அந்த அமைதியில யாருக்கும் சங்கடம் கிடையாது. கணக்கை கையில எடுக்க வச்சேன். ஒரு பெரியவர் ஸ்கூல் ஷாப்ல பசங்களோட சேர்ந்து கமுத்திக் கட்டினாரு, ஸ்கிடூ பின்னாடி இழுக்கிற நீளமான மரச் சறுக்குவண்டி அது. குறுக்குக் கட்டைங்களை ஆணி அடிக்காம கயித்தால கட்டுவாங்க, ஏன்னா மேடு பள்ளமான பனியில ஓடுறப்போ வண்டி வளைஞ்சு குடுக்கணும், ஆணி அடிச்சா உடைஞ்சிடும். அவர் டேப் வைக்காம கையால, முழத்தால அளந்தாரு, பசங்க அதை சென்டிமீட்டர்ல எழுதி விகிதம் போட்டாங்க, ட்ரிக்னாமெட்ரிக்கு அதைவிட நல்ல பாடம் எனக்கு கிடைச்சதில்ல. சயின்ஸ்ல கடல் தண்ணி ஏன் ஜீரோவுல உறையாம மைனஸ் 1.8 வரைக்கும் போகுதுங்கிறதுக்கு உப்பு கரைசல் கணக்கு. அக்டோபர்ல கடல் உறைய ஆரம்பிக்கிறப்போ பசங்க தினமும் அதைத்தான் கவனிச்சுட்டு இருப்பாங்க, அப்பா எப்போ பனி மேல போலாம்ங்கிறது வீட்ல பேச்சா இருக்கும். பாடப் புஸ்தகம் பெரும்பாலும் தெற்கு ஊருக்கு எழுதினது, நான் இருந்தப்போ ஹைஸ்கூல்ல ஆல்பர்ட்டா மாநில பாடத்திட்டம்தான், அதுல வர்ற ட்ராஃபிக் சிக்னல், ரயில் கணக்கை எல்லாம் பாத்தே இருக்காத பசங்க. கணக்கோட சாரத்தை வச்சுக்கிட்டு கதையை மாத்துங்க.

அட்டெண்டன்ஸ் ரொம்ப கம்மின்னு கேள்விப்பட்டோமே?

சில நாள் கம்மிதான். காரணம் ஒண்ணு இல்ல. அம்மாவோ அப்பாவோ இரும்புச் சுரங்கத்துல வாரக்கணக்குல வேலைக்கு போயிருப்பாங்க, தம்பி தங்கச்சியை பெரிய பிள்ளை பாத்துக்கணும். வீட்ல தூங்க இடம் இல்லாம ராத்திரி முழுக்க முழிச்சிருந்திருப்பாங்க. வசந்த காலத்துல, ஏப்ரல் மே வெளிச்சத்துல, குடும்பத்தோட பனி மேல போய் டென்ட் அடிச்சு தங்குவாங்க, வாத்து, மீன், பனி முடியுற ஓரத்துல சீல், நார்வால் எல்லாம் அப்போதான். அந்த ஒரு வாரம் பையன் கிளாசுக்கு வரலைன்னா ரெஜிஸ்டர்ல ஆப்சென்ட், ஆனா அவன் அங்க படிக்கிறதை எந்த ஸ்கூலும் சொல்லித்தர முடியாது. இதுக்காகத்தான் ஒவ்வொரு ஊரும் அதுவே ஸ்கூல் காலண்டரை முடிவு பண்ணுது, பல இடத்துல ஆகஸ்ட்லயே ஆரம்பிச்சு சீக்கிரமே முடிச்சிடுறாங்க. திரும்பி வந்த பசங்களை ஏன் வரலைன்னு கேக்காம என்ன பிடிச்சீங்கன்னு கேளுங்க, அன்னிக்கு முழுக்க பேசுவாங்க.

பேரெல்லாம் எப்படி ஞாபகம் வச்சுக்கிறது?

பேரை சரியா சொல்ல கத்துக்கிறதை முதல் வார வேலையா வச்சுக்கங்க, அதுக்கு காரணம் இருக்கு. 1940கள்ல இருந்து அரசாங்கம் இனுயிட் மக்களுக்கு பேருக்கு பதில் நம்பர் போட்ட ஒரு வட்டத் தகடு குடுத்து அதை வச்சுதான் கணக்கெடுத்துச்சு. 1960கள் கடைசியில ஏப் ஓக்பிக்ங்கிற இனுயிட் தலைவர் ஊர் ஊரா போய் குடும்பப் பேரு பதிவு பண்ணினப்புறம்தான் அது மாறுச்சு. இன்னிக்கும் சில தாத்தா பாட்டிங்களுக்கு தங்களோட நம்பர் மனப்பாடம்.

பேரு வைக்கிற முறை நமக்கு மனசுக்கு நெருக்கமா இருக்கும். இறந்து போனவங்க பேரை பிறக்கிற குழந்தைக்கு வைப்பாங்க, ஆண் பேரு பெண் பேருன்னு பிரிவினை இல்ல. அதோட நிக்காது, அந்தப் பேரோட அந்த உறவும் வந்துடும். எங்க ஸ்கூல்ல ஒரு சின்னப் பொண்ணை ஒரு வயசான அம்மா, அம்மான்னுதான் கூப்பிடுவாங்க, ஏன்னா அந்தப் பொண்ணுக்கு வச்சது அவங்க அம்மா பேரு. எங்க வீட்லயும் தாத்தா பேர் வச்ச பேரனை பாட்டி பேர் சொல்லி கூப்பிடாம ஐயான்னு கூப்பிடுவாங்க, அதை சொன்னப்போ ஸ்டாஃப்ரூம்ல இருந்த இனுக்டிடுட் (இனுயிட் பாஷை) டீச்சர் அக்கா என் கையைப் பிடிச்சுட்டு ரொம்ப நேரம் பேசினாங்க. அதுக்கு அப்புறம் எனக்கு அந்த ஊர்ல பேச்சுத் துணைக்கு குறைச்சலே இல்ல.

பெற்றோர்கள் ஸ்கூலுக்கு வர்றதில்லையாமே?

வர யோசிப்பாங்க, நியாயமான காரணத்தோட. 1950கள், 60கள்ல இந்தப் பக்கத்து பசங்களை குடும்பத்துல இருந்து பிரிச்சு சர்ச்சில் மாதிரி தூர ஊர் ஹாஸ்டல்ல போட்டு படிக்க வச்சாங்க, சொந்த பாஷை பேசினதுக்கு தண்டனை வாங்கினவங்க இருக்காங்க. ஊர்லயே ஸ்கூல் வந்தப்போகூட அதுக்காகவே வேட்டை முகாம்ல இருந்தவங்க ஊருக்குள்ள குடியேற வேண்டியதாச்சு, அந்தக் காலத்துல அவங்க நாய்களையும் போலீஸ் சுட்டுக் கொன்னாங்க, நாய் இல்லைன்னா சறுக்குவண்டி இல்ல, வேட்டை இல்ல. கிகிக்தானி உண்மை ஆணையம்னு இனுயிட் அமைப்பே நடத்தின விசாரணை அறிக்கை 2010-ல வந்துச்சு, அதை போறதுக்கு முன்னாடி படிச்சுடுங்க. அதுக்கு 2019-ல கனடா அரசாங்கம் மன்னிப்பு கேட்டுச்சு. உங்க ஸ்டூடண்டோட பாட்டி இதையெல்லாம் அனுபவிச்சவங்க. ஸ்கூல் வாசல்ல கால் வைக்க அவங்களுக்கு தயக்கம் இருந்தா அது படிப்பு மேல அக்கறை இல்லாததுனால இல்ல.

நீங்க போய் பாருங்க. வீட்டுக் கதவை தட்டாமலே உள்ள வர்ற ஊர் அது, போய் டீ குடிங்க, அவங்க பிள்ளை நல்லா பண்ணின ஒண்ணை மட்டும் சொல்லிட்டு வாங்க. ஊர் ரேடியோல ஸ்கூல் சேதி சொல்லலாம், எல்லா வீட்லயும் அது ஓடிட்டே இருக்கும்.

மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது எது?

இளைஞர்கள் தற்கொலை. இதை சொல்லாம விட்டா நான் நேர்மையா எழுதினதா ஆகாது. நுனாவுட்ல அது கனடா சராசரியைவிட பல மடங்கு அதிகம், 2015-ல அப்போதைய முதல்வர் பீட்டர் டாப்டூனா இதை ஒரு நெருக்கடின்னே அறிவிச்சாரு. சின்ன ஊர்ல ஒரு இழப்புன்னா எல்லா வீட்லயும் இழப்பு. ஸ்கூல் மூடுவாங்க, திறந்தப்புறம் பாடம் எடுக்கிறது முக்கியமில்ல, நீங்க அங்க இருக்கிறதுதான் முக்கியம், சூப் வச்சு குடுங்க, கூட உக்காருங்க, அவங்களா பேசினா கேளுங்க. பொறுப்பை தனியா சுமக்காதீங்க, ஸ்கூல்ல இருக்கிற இனுயிட் கவுன்சிலருங்ககிட்டயும் ஹெல்த் சென்டர் நர்ஸ்ங்ககிட்டயும் உடனே சொல்லுங்க, உங்களுக்காகவும் யார்கிட்டயாவது பேசுங்க. மாசக்கணக்குல தூங்காம எல்லாத்தையும் தாங்கிட்டு கிறிஸ்துமஸ் லீவுல போன டீச்சருங்க சில பேர் திரும்பி வரவே இல்ல.

இனுக்டிடுட் கத்துக்கணுமா?

கட்டாயம் இல்ல, ஹைஸ்கூல் பாடம் இங்கிலீஷ்லதான். ஆனா கத்துக்கங்க. எழுத்தைப் பாத்தா பயமா இருக்கும், உண்மையில நமக்கு ஈஸி: ஒரு மெய்க்கு ஒரு வடிவம், அதை திருப்பி வச்சா உயிர் மாறும், உதாரணத்துக்கு 'ப்' வடிவம் மேல நோக்கினா பி, வலது பக்கம்னா பு, இடது பக்கம்னா ப, வெறும் மெய்னா சின்னதா மேல தூக்கி எழுதுவாங்க. உயிர்மெய் பழகின தமிழ் கண்ணுக்கு கொஞ்ச நாள்லயே பிடிபட்டுடும். எல்லா வகுப்புலயும் இனுயிட் பாஷையில பாடம் நடத்தணும்ங்கிறது மக்களோட நீண்ட நாள் கோரிக்கை, 2008 சட்டத்துல சொன்ன கெடு தவறிப்போய் 2020-ல சட்டத்தை திருத்தி 2039 வரைக்கும் தள்ளி வச்சிருக்காங்க. அங்க நிறைய பேருக்கு அதுல கோபம், எனக்கும் அது சரின்னு படல. அதுக்கு வழி உள்ளூர் இனுயிட் டீச்சருங்க அதிகமாகிறதுதான், நுனாவுட் ஆர்க்டிக் காலேஜ்ல டீச்சர் ட்ரெய்னிங் இருக்கு, உங்க கிளாஸ்ல ஆர்வமுள்ள பசங்களை அந்தப் பக்கம் தள்ளி விடுங்க.

பனிக்கரடி? நார்தர்ன் லைட்ஸ்?

கரடி இருக்கு, ஊருக்குள்ள வர்றது எப்பவாவதுதான். தனியா ஊர் எல்லையைத் தாண்டி நடக்காதீங்க, துப்பாக்கியும் அனுபவமும் இருக்கிறவங்களோட மட்டும் போங்க. நார்தர்ன் லைட்ஸ், அதாவது ராத்திரி வானத்துல ஆடுற கலர் வெளிச்சம், பாண்ட் இன்லெட்ல பெருசா தெரியாது, அது துருவத்தை சுத்தி ஒரு வளையமா வரும், அந்த வளையத்துக்கும் வடக்க தள்ளி இருக்கு ஊரு. அதைப் பாக்கணும்னா நுனாவுட்லயே தெற்கு பக்கத்து ஊருங்க நல்லது.

குடும்பத்தோட போலாமா? டாக்டர் உண்டா?

போலாம், குழந்தைங்க இருந்தா ஊர் உங்களை இன்னும் சீக்கிரம் ஏத்துக்கும். ஹெல்த் சென்டர்ல நர்ஸ்ங்க இருப்பாங்க, நிரந்தர டாக்டர் கிடையாது, அப்பப்போ வந்துட்டு போவாங்க. அவசரம்னா ஆம்புலன்ஸ் ஃப்ளைட்ல இக்காலுயிட்டுக்கோ ஒட்டாவாவுக்கோ. பிரசவத்துக்கு சில வாரம் முன்னாடியே ஊரை விட்டு போயிடணும். தொடர்ந்து ஸ்பெஷலிஸ்ட் பாக்க வேண்டிய நோய் இருக்கிறவங்க நல்லா யோசிச்சுக்கங்க. மது விஷயத்துல ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சட்டம், சில ஊர்ல முழுத் தடை, தெரியாம பையில வச்சுட்டு போயிடாதீங்க.

நிறைய சேர்த்து வைக்கலாமாமே?

சம்பளம் நல்லாத்தான் இருக்கு, அதுக்கு மேல ஊரைப் பொறுத்து வடக்கு அலவன்ஸ் உண்டு. சாப்பாட்டு விலை, கோடையில தெற்கு போயிட்டு வர்ற டிக்கெட், ஸீலிஃப்ட் சரக்குக்கு மொத்தமா கட்டுற காசு எல்லாம் கழிச்சா, ஒண்டி ஆளுக்கு மிச்சம் இருக்கும். கடனை அடைக்க மட்டும்னு போறவங்களுக்கு பிப்ரவரி தாங்காது.

ஒரு வருஷம் மட்டும் போயிட்டு வந்துடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இவ்ளோ நீளமா எழுதுறதே. முதல் வருஷம் கிளாஸ்ல பசங்க என்கிட்ட கேட்ட கேள்வி நீங்க எந்த ஊர்னு கூட இல்ல, அடுத்த வருஷம் வருவீங்களாங்கிறதுதான். வருஷா வருஷம் புது டீச்சர் வந்து, பேரைத் தப்பா சொல்லி, குளிருக்கு நடுங்கி, ஜூன்ல ஃப்ளைட் ஏறி போயிடுறதை அஞ்சாவது வயசுல இருந்து பாத்த பசங்க அவங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் மனசைக் குடுத்துட்டு இருக்க முடியுமா? அதனால முதல் வருஷம் அவங்க உங்களை தள்ளி நின்னு பாக்குறாங்க, அது உங்க மேல உள்ள வெறுப்பு இல்ல. ரெண்டாவது வருஷம் ஆகஸ்ட்ல நான் மறுபடி போய் இறங்கினப்போ, ஏர்போர்ட்ல ஒரு பையன், முதல் வருஷம் பூரா என்கிட்ட புருவத்தால மட்டுமே பேசினவன், கிட்ட வந்து நீங்க திரும்பி வந்துட்டீங்கன்னு சொல்லிட்டு என் பையை எடுத்து லாரியில வச்சான். அந்த வருஷம்தான் நான் நிஜமா பாடம் எடுக்க ஆரம்பிச்சேன். அவங்க கேள்வி கேட்டாங்க, சண்டை போட்டாங்க, டெஸ்டுக்கு உக்காந்தாங்க.

அதனால என் கருத்து இதுதான், குறைஞ்சது ரெண்டு வருஷம் இருக்க முடியும்னா போங்க. குடும்பக் கஷ்டம், உடம்பு சரியில்லாம போறதுன்னு யாருக்கும் வரலாம், அது வேற. ஆனா கிளம்புறப்பவே ஒரு வருஷ அனுபவம், நல்ல போட்டோ, ரெஸ்யூமேல ஒரு வரின்னு கணக்கு போட்டா அந்த இடத்துக்கு வேற யாராவது போகட்டும். போறதா முடிவு பண்ணினவங்க பசங்ககிட்ட முன்கூட்டியே சொல்லுங்க, சொல்லாம மட்டும் போகாதீங்க.

எப்போ, எப்படி அப்ளை பண்றது?

வேற மாகாணத்துல டீச்சர் லைசென்ஸ் இருந்தா அதை வச்சு நுனாவுட் சான்றிதழுக்கு மாத்திக்கலாம். ஆகஸ்ட் வேலைக்கான விளம்பரங்க குளிர் காலம் முடியுறப்போவே வர ஆரம்பிச்சிடும், அரசாங்க கல்வித் துறை சைட்லதான் வரும். இன்டர்வியூல பிரின்சிபலோட ஊர் கல்விக் குழு ஆளுங்களும் இருப்பாங்க, அவங்க ஊர்ப் பெற்றோர்கள், முக்கியமா அவங்களுக்குத்தான் நீங்க பதில் சொல்றீங்க. மெதுவா பேசுங்க, நடுவுல அமைதி வந்தா நிரப்பாதீங்க. நீங்களும் கேளுங்க: வீடு தனியா, பகிர்ந்துக்கணுமா, போறதுக்கு முன்னாடி ஸீலிஃப்ட் ஆர்டர் போட முடியுமா, முன்னாடி இருந்த டீச்சர் ஏன் போனாங்க, ஸ்கூல்ல இனுயிட் டீச்சருங்க எத்தனை பேரு. வாய்ல சொன்ன வீட்டு விவரத்தை எழுத்துல வாங்கிக்கிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க.